மஞ்சில் காயப்போட்ட சட்டை

பனிமூட்டமாய் மஞ்சு இறங்கினால் கொடியில் கிடக்கும் துணிகளை எண்ணி எண்ணி உள்ளே எடுத்து வைப்பேன். இந்தக் காலத்தில் மஞ்சில் கலப்பது சுற்றுலா ஜீப்புகளின் புகைதான் என்று மருமகள் சிரிப்பாள். நான் இன்னும் பயப்படுவது கந்தகத்துக்கு.

நான் சின்னப் பிள்ளையாய் இருந்தபோது நாங்கள் தேவிகுளத்துக்கு அப்பால் ஓர் ஏலத் தோட்டத்தில் இருந்தோம். தொழிலாளர் வீடுகள் வரிசையாய் நின்ற எங்கள் லயத்துக்கு மேலே ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர். வெள்ளைக் காய் கேட்கும் வியாபாரிகளுக்காக அப்பா அங்கே கதவை அடைத்துக் கந்தகப் புகை போடுவார். காற்று வீசும்போதுதான் கதவைத் திறக்கவேண்டும். புகை மலையேறிப் போய்விடும். மஞ்சு நிற்கும்போது திறந்தால், காற்றில் மிதக்கும் பொடித்துளிகள் அந்தப் புகையைக் குடித்துப் புளித்துப்போகும். படுகிற துணியின் சாயத்தைத் தின்றுவிடும்.

மாதா கோயில் திருவிழாவுக்கு முந்தின வாரம், வியாபாரி வந்து நின்ற அவசரத்தில் அப்பா திறந்துவிட்டார். கொடியில் அம்மாவின் கத்தரிப்பூ நிறப் புடவை. நாலு பேர் முன்னால் உடுத்த அவளிடம் இருந்தது அது ஒன்றுதான். மஞ்சு விலகியபோது அதில் இருபத்துமூன்று வெளிறிய புள்ளிகள். எண்ணிச் சொன்னதற்கு எனக்கு ஒரு குட்டு கிடைத்தது.

"புள்ளிமானுக்குப் பொடவ கட்டுன மாதிரியில்ல இருக்கும், மதினி!" என்றாள் அத்தை.

அம்மா சிரிக்கவில்லை. "நான் திருவிழாவுக்கு வரல. பிள்ளயக் கூட்டிட்டு நீங்களே போயிட்டு வாங்க" என்றாள் அப்பாவிடம்.

அம்மா இல்லாமல் அப்பா ஒரு வருஷம்கூடச் சப்பரத்தின் பின்னால் நடந்ததில்லை.

இரண்டு நாள் கழித்து மறுபடி மஞ்சு. மறுபடி ஸ்டோர் கதவு திறந்தது. இம்முறை மாட்டியது அப்பாவின் நீலச் சட்டை, அவருடைய ஒரே நல்ல சட்டை.

"பட்டும் புத்தி வரலியா உங்களுக்கு?" என்று அம்மா கத்தினாள்.

"மறந்து போச்சு புள்ள."

அம்மா சட்டையை விரித்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள், தோள்கள் குலுங்கின. அழுகிறாளோ என்று எட்டிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

திருவிழாவுக்கு இருவரும் சேர்ந்தே போனார்கள். "சோடி மான் வருது, வழி விடுங்க!" என்று அத்தை கூவினாள். எனக்கு ஒரே அவமானம். செய்த தப்பையே திரும்பச் செய்கிறவரா என் அப்பா என்று பத்தடி தள்ளி நடந்தேன்.

சட்டையின் புள்ளிகளையும் எண்ணித்தான் வைத்திருந்தேன். ஐம்பதுக்கு மேல். புடவையைவிட ஏன் இத்தனை அதிகம் என்று மட்டும் யோசிக்கவில்லை. சட்டையை அவர் கொடியில் போட்டிருக்கவில்லை. ஸ்டோர் கதவுக்கு நேர் எதிரே, வேலியில், இரண்டு கைகளையும் நன்றாக விரித்துக் காயப்போட்டிருந்தார்.