இல்லாத பிளாப்பி வழியாக வந்தவர்கள்

"ஒரு பெட்டிக்குள்ள மூணு கம்ப்யூட்டர். ஒண்ணுல நடக்கது அடுத்ததுக்குத் தெரியாது. ஏன், வச்ச எனக்கே தெரியாது. குத்தால அருவி வேணா நிக்கும். நான் கட்டுன சுவரு ஒழுகாது."

இவ்வாறு அறிவித்தவர் தென்காசி சுடலைராஜ். லாட்ஜ்களுக்கும் கடைகளுக்கும் கம்ப்யூட்டர் பார்ப்பது அவர் தொழில். பிறருக்குப் புரியாததைச் சொல்லி மரியாதை வாங்குவது உபதொழில். அறிவிப்பைக் கேட்டுக்கொண்டிருந்தவர் நிலோபர் டாக்டர், தென்காசியில் பெண்களுக்கான ஸ்கேன் சென்டர் வைத்திருப்பவர்.

"அண்ணாச்சி, எங்கிட்ட வாறவங்க சில பேரு வீட்டுக்காரர்ட்டகூடச் சொல்லாம வருதாங்க. பேரு வெளிய போயிராதுல்லா?"

"டாக்டரம்மா, எமன் வந்தாலும் வாசல்லதான் நிக்கணும்."

பெட்டி இருந்தது குற்றாலத்தில், ஒரு லாட்ஜின் பின்னறையில். உண்மையில் அது ஒரே இயந்திரம்தான். ஒரு மென்பொருள் அதை மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் 'நான் தனிக்கட்டை' என்று நம்ப வைத்திருந்தது. ஒன்றில் லாட்ஜின் அறைப் பதிவு, ஒன்றில் சுரண்டை ஜவுளிக்கடை, ஒன்றில் ஸ்கேன் சென்டர்.

பங்குனி மாதம். அருவியில் பாறை மட்டும் இருந்தது, லாட்ஜில் அதுகூட இல்லை. உச்சிப்பொழுதில், அறைகளுக்கு முன்னால் பகலிலும் இருட்டிக் கிடக்கும் நடையில், நாலாம் அறை வாசல் விளக்கு எரிந்தது.

அறையில் ஆள் பதிவானால் வாசல் விளக்கு தானாக எரியும். எண்ணெய் தேய்க்கிறவர்கள் எந்தக் கதவைத் தட்டலாம் என்று தெரிவதற்காக சுடலைராஜ் செய்த ஏற்பாடு அது. ஆகவே, படியில் சும்மா உட்கார்ந்திருந்த குத்தாலிங்கம் எண்ணெய்ப் பாட்டிலோடு விரைந்து போய்த் தட்டினார். பதில் இல்லை. வெளியே பூட்டு தொங்கியது.

"செல்வி, நாலுல யாரும்மா?"

வரவேற்பில் இருந்த இசக்கிச்செல்வி திரையைப் பார்த்தாள். "முப்பிடாதி, வடகரை" என்று வாசித்தவள் எழுந்தே விட்டாள். "அண்ணாச்சி, இவுக எங்க தெருல்லா. மாசியில செத்துப் போனாவ."

ஐந்தாம் விளக்கு எரிந்தது. பிறகு ஆறு. குத்தாலிங்கம் பாட்டிலை அங்கேயே வைத்துவிட்டு வந்தார். அதை எடுக்க அவர் இன்றுவரை போகவில்லை.

செல்வி போன் போட்டதும் சுடலைராஜ் பைக்கில் வந்து இறங்கி வாய்விட்டுச் சிரித்தார். "பேயா? ஆதார் கார்டு கேட்டியாம்மா?"

"கதவு பூட்டியிருக்கு, ஆளு உள்ள இருக்கு. இதுக்கு ஒங்க படிப்புல என்ன பேரு, சொல்லுங்க" என்றாள் செல்வி.

திரையில் எல்லாம் பெண்கள் பெயர். 'வந்த காரணம்' என்ற கட்டத்தில் 'அருவிக் குளியல்' என்று இருக்க வேண்டிய இடத்தில் நோய்கள். அவர் படிப்பில் அதற்குப் பெயர் இருந்தது. சிரிப்பு நின்றது.

பிரித்துவைக்கும் அந்த மென்பொருள், மூன்று கம்ப்யூட்டருக்கும் இல்லாத பிளாப்பி டிரைவ் ஒன்றை, அந்தக் காலத்தில் தட்டு செருகும் வாயை, இருப்பதாகக் காட்டிவந்தது. அதில் வருவதை வாங்கி வைக்கச் சின்ன இடம். எவ்வளவு வருகிறது என்று யாரும் அளக்கவில்லை. ரெண்டு பேர் அறைக்கு ஒரு வேன் ஆட்கள் வந்தால் பாய் நடைக்கு வரும், பிறகு அடுத்த அறைக்குள்ளும் வரும். அப்படி எவனோ ஊர்பேர் தெரியாதவன் இன்டர்நெட்டில் லாட்ஜ் பதிவு வழியாக நுழைந்து, அளவுக்கு மேல் திணித்து, வழிந்த இடத்தில் உட்கார்ந்து உத்தரவு போட்டிருக்கிறான். ஸ்கேன் சென்டரில் அள்ளியதை வெளியே கடத்த லாட்ஜ் பக்கம் கொண்டுவந்து வைக்க, எந்தப் பெயர் வந்தாலும் அறை கொடுக்கும் லாட்ஜ் மென்பொருள் விருந்தோம்பலில் குறை வைக்கவில்லை.

ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மென்பொருள் கம்பெனி ஆனியிலேயே அனுப்பியிருந்தது. ஆனால் சாரல் தொடங்கும் நாளில் லாட்ஜ் முதலாளி பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மஞ்சள் கயிறு கட்டி, "சீசன் முடியுற வரைக்கும் அணைக்கப்பிடாது" என்று சொல்லிவிடுவார். திருத்தம் போட்டால் ஒருதடவை அணைத்தாக வேண்டும். சாரல் முடியட்டும் என்றார் சுடலைராஜ். முடிந்தது, ஐயப்ப சாமிமார் வந்தார்கள். அவர்கள் போனதும் பொங்கல் கூட்டம். பிறகு அருவி நின்றது, அவர் ஞாபகமும் நின்றது.

ஒன்பதாம் விளக்கு எரிந்தது.

சங்கரேஸ்வரி, தென்காசி. மார்பில் கட்டி. வியாழக்கிழமை சதை எடுத்துப் பார்க்க வேண்டும்.

சுடலைராஜின் மனைவி பெயர் அது. கீழே இருந்த போன் நம்பரும் அவளுடையது.

கயிற்றை அறுத்து, பெட்டியை அணைத்தார். நடை முழுவதும் இருண்டது. நிலோபருக்குப் போன் போட்டார். "டாக்டரம்மா, சுவரு ஒழுகிட்டு. எல்லாருக்கும் சொல்லிருங்க." "காலையில ஒவ்வொருத்தரா கூப்பிடுதேன்" என்று டாக்டர் போனை வைத்துவிட்டார்.

வீட்டில் சங்கரேஸ்வரி தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"வியாழக்கிழமை சுரண்டைக்குப் போறேன்னியளே, சாப்பாடு கட்டணுமா?"

"போகல. உங்கூட வாறேன்."

தோசைக் கரண்டி நின்றது. அவள் திரும்பி, கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தாள்.

"நான் ஒருத்தர்ட்டயும் சொல்லலியே."

"ஆமா" என்றார் சுடலைராஜ். தோசை கருகியது.