பங்கிட்டுத் தின்ற மாத்திரை

நாள்தோறும் திருநீறணிந்து, திருமுறை ஓதி முடித்தபின், பினாங்கு மருத்துவமனைச் சோதனைச்சாலையில் கிருமிகளுக்கு மாட்டிறைச்சிச் சாறு காய்ச்சுவது என் தொழில். ஊரிலுள்ள நீங்கள் முகம் சுளிப்பீர்கள். மலாய்க்காரர் அகர் அகர் என்னும் கடற்பாசியை அச்சாற்றில் கரைத்துத் தட்டில் உறையவைத்தால், நோயாளியின் சீழிலுள்ள கிருமி அதில் வளரும். மேலே மருந்து தோய்த்த காகித வில்லைகளை வைப்போம். கிருமியைக் கொல்லும் மருந்தைச் சுற்றித் தெளிந்த வட்டம் விழும்.

எங்களவர் சேர்ந்து தங்கும் கிட்டங்கியிலிருந்து, பொன்னமராவதி மெய்யப்பன் வலக்காலில் ஆணி குத்திச் சீழ்பிடித்து வந்து படுத்தார். அவர் தட்டில் பெனிசிலினைச் சுற்றி வட்டமே இல்லை. வில்லையின் விளிம்புவரை கிருமி தழைத்திருந்தது. புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்த ஆண்டில், என் மைத்துனரின் முதுகிலிருந்த ராஜபிளவைக் கட்டி அதே பெனிசிலின் ஊசியில் வடிந்ததைக் கண்டவன் நான். அன்று திருமயத்தில் அபிஷேகம் செய்து கொண்டாடினோம். அந்த மருந்தா தோற்றது? காலையே வெட்டி எடுத்துவிடலாம் என்றார் அறுவை மருத்துவர்.

ஆணி குத்தியபோதே கொடுத்தனுப்பிய பெனிசிலின் மாத்திரைப் புட்டி காலியாக இருந்ததால், ஒழுங்காக விழுங்கியிருக்கிறார் என்றே சீன டாக்டரம்மா நம்பியிருந்தார். நான் தமிழில் விசாரித்தேன்.

"அத்தனையும் நீங்களா சாப்பிட்டீங்க?"

"அதெப்படிண்ணே? ஒசத்தியான மருந்து. கிட்டங்கியில அத்தனை பேரு இருக்க, நான் மட்டும் முழுங்குனா நல்லாவா இருக்கும்? ஆளுக்கு ஒண்ணு குடுத்தேன். சமையக்காரரு தலைவலின்னு ரெண்டா வாங்கிக்கிட்டாரு."

"பாயசமாய்யா அது, பந்தியில ஊத்துறதுக்கு?"

டாக்டரம்மாவிடம் சொன்னேன். அரைகுறை மருந்துக்குத் தப்பிய கிருமியே பெருகும் என்றார். ஜப்பானில் கண்ட புதுமையையும் சொன்னார்: வயிற்றுக்கடுப்புக் கிருமி, மருந்தை எதிர்க்கும் திறத்தை வேற்றினக் கிருமிக்கும் கொடுத்துவிடுகிறதாம். எனக்கு மெய்சிலிர்த்தது. அணுவுக்கு அணுவாய் நிற்பவனைப் பாடும் வாயால் வேறென்ன சொல்ல? கிருமியும் கிட்டங்கி நடத்துகிறது.

மீதமிருந்த வில்லைகளையெல்லாம் வைத்து மறுதட்டு போட்டேன். விடிந்து பார்த்தால், எரித்ரோமைசின் என்ற வேறொரு மருந்தைச் சுற்றி முழுநிலவு போல வட்டம்! தட்டை ஆரத்தியாய் உயர்த்திப் பதிகம் பாடிக்கொண்டே வார்டுக்கு ஓடினேன். டாக்டரம்மா பதறி எழுந்து, என் நெற்றியில் கைவைத்துக் காய்ச்சலா என்று பார்த்தார். பிறகுதான் தட்டைப் பார்த்தார். அறுவையை அன்றே நிறுத்தினார்.

அந்த மருந்தில் காயம் ஆறி, மெய்யப்பன் நாகப்பட்டினம் கப்பலேறும் நாளில் வழியனுப்பப் போனேன். ஏணிப்படியில் இடக்காலை வைத்தவர், பிழைத்த வலக்காலைத் துறைமுகத் தரையிலிருந்து எடுக்காமல் திரும்பினார்.

"அண்ணே, நீங்க எப்ப ஊருக்கு வாரீங்க?"

பின்னால் நின்றவர்கள் நெருக்கினார்கள். நான் விடை தேடிக் குனிந்தேன். அவருடைய இரு கால்களுக்கும் நடுவே, ஒரு முழ அகலத்தில் கடல் அசைந்துகொண்டிருந்தது.