அம்பு தெரியாத ஆட்டம்

இரண்டாயிரங்களில் திண்டுக்கல்லில் கேம் சென்டர் நடத்தினேன். பாட்டின் தாளத்துக்கேற்ப, திரையில் ஏறிவரும் அம்புக்குறிகளைப் பார்த்து விரிப்பில் மிதிக்கும் ஆட்டத்துக்குத்தான் கூட்டம். ஒருநாள் அதில் போட்டி வைத்து நானும் கலந்துகொண்டேன். சவாலைக் கூட்டுகிறேன் என்று அம்புகளுக்குப் பின்னால் கண்கூசும் வண்ணங்களை ஓடவிட்டேன். எல்லோரும் தடுமாற, நானே ஜெயித்தேன்.

செம்பட்டியிலிருந்து வந்திருந்த டெய்லர் செல்வி விடவில்லை. “தாளம் தப்புனா என் தப்புண்ணே. அம்பே தெரியலைன்னா யார் தப்பு? நீங்க எல்லாப் பாட்டுக்கும் அம்பு வர்ற வரிசையை மனப்பாடம் பண்ணி வச்சிருக்கீக!”

உண்மைதான். சுருக்கென்றது. வண்ணங்களை அணைத்துவிட்டு, நானும் ஆடியிராத வேகமான பாட்டு ஒன்றைப் போட்டேன்.

செல்வியிடம் தோற்றேன். மூச்சிரைக்க நின்றபோதுதான், அதுவரை நான் ஆடவேயில்லை என்று புரிந்தது.

“இன்னொரு பாட்டு போடுவமாண்ணே?” என்றார் செல்வி.

அதற்குள் நான் விரிப்பில் ஏறியிருந்தேன்.