குல்வந்தின் இருமல்

தார்நாகாவில் வசிக்கும் சாருலதாவின் கணவர் குல்வந்த் இறந்து ஒரு வருஷமாகிவிட்டது. பஞ்சாபில் தான் பிறந்த பழைய ஊரின் பாடகர்கள், பயில்வான்கள், வைத்தியர்கள் என்று பலரின் குரல்களை அவர் பதிவுசெய்து வைத்திருந்தார். அவற்றை இணையத்தில் ஏற்றும் வேலையை இப்போது அவள் எடுத்துக்கொண்டாள்.

ஒரு பாடகரின் பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோது, பின்னால் குல்வந்த் இருமினார். சாருலதா தன்னையறியாமல் தண்ணீர் எடுக்க எழுந்துவிட்டாள்.

“அந்தச் சத்தம் நக்கோம்மா, வேணாம், கட் பண்ணிடு,” என்றாள் மகள் ஜஸ்லீன்.

“உங்கப்பாடி அது. இருக்கட்டும்.”

அப்படியே ஏற்றினாள். மறுநாள் அந்த ஊரிலிருந்து ஒரு முதியவர் எழுதியிருந்தார்: “இருமுவது நம்ம குல்வந்த்தானே? எப்படி இருக்கிறான்?”

சாருலதா பதிவை மறுபடி ஓடவிட்டு, அந்த இருமல் வரும்வரை காத்திருந்தாள்.