அலாஸ்காவில் அம்மா பார்த்தது

அண்ணன் குடும்பம் அம்மாவையும் கூட்டிக்கொண்டு கப்பலில் அலாஸ்கா போய்வந்தது. இன்று சர்ச் முடிந்ததும் சொந்தக்காரர்கள் எல்லோரும் லிங்கராஜபுரத்தில் அண்ணன் வீட்டில் கூடினோம்.

அண்ணி டிவியில் படங்களை ஓட்டினார். பனிமலை, திமிங்கிலத்தின் வால், மேல்தளத்தில் அண்ணனும் அண்ணியும். எதிலும் அம்மா இல்லை.

"அம்மா எங்க அண்ணி?"

"அத்தைக்குக் குளிர் ஒத்துக்காதுல்ல. பாப்பாவ வச்சுக்கிட்டு ரூம்லயே இருந்துட்டாங்க."

சமையலறையில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்த அம்மாவிடம் போய், "பனிமலை பாத்தியாம்மா?" என்று கேட்டேன்.

"எங்க ரூம்ல ஜன்னலே இல்லடி. இப்பதான் டிவியில எட்டிப் பாத்தேன். நல்லாருக்கு."

அடுத்த வருடம் நார்வேயாம். அம்மாவுக்கும் டிக்கெட் போடுவதாக அண்ணன் அறிவித்தான். பிள்ளை என்றால் இப்படி இருக்கவேண்டும் என்று எல்லோரும் மெச்சினார்கள்.

நான் வாயைத் திறக்கவில்லை. நீங்கள் திறந்திருப்பீர்களா?