ஒரு சொல்லும் பேசேல்ல

ஒவ்வொரு நாளும் யாராவது ஒருவர் என்னைக் கேரளாவா என்று கேட்டுவிடுகிறார். இன்று காலை கேட்டவர் காய்கறிக் கடைக்காரர். "தேசிக்காய் இருக்கோ?" என்றேன். அவர் தராசைக் கீழே வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். கூடையைக் கையால் காட்டியதும், "அட, எலுமிச்சையைக் கேக்கறீங்களா! அம்மணி கேரளாவுங்களா?" என்றார். வந்த புதிதில் இதற்கு நின்று நிதானமாகப் பதில் சொல்வேன். இல்லை, இலங்கை, அதிலும் கொழும்பு இல்லை, யாழ்ப்பாணமும் இல்லை, திருகோணமலை என்று. சொல்லி முடிப்பதற்குள் எதிரில் நிற்பவரின் முகம் வாடிவிடும். "ரொம்பக் கஷ்டப்பட்டிருப்பீங்க" என்பார். அடுத்த கேள்வி, எந்தக் கேம்பில் இருக்கிறீர்கள் என்பதாக இருக்கும். கேம்பில் இல்லை, வேலைக்கு வந்திருக்கிறோம், விசா இருக்கிறது என்று வெயிலில் நின்று விளக்கிக் களைத்துப்போய், இப்போதெல்லாம் பாதி நாள் "ஓம், கேரளாதான்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுகிறேன். அந்த "ஓம்" சாமி மந்திரமாகக் காதில் விழுந்ததும் கடைக்காரர் இன்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

நானும் என் கணவரும் ஆசிரியர்கள். நான் கணிதம் படிப்பிக்கிறேன். அவர் பௌதிகவியல், இங்கே அதை இயற்பியல் என்கிறார்கள். கோயம்புத்தூருக்கு வெளியே, மலையடிவாரத்தில், விடுதியோடு சேர்ந்த ஒரு தனியார் பாடசாலை. ஊரில் பெற்றோல் வரிசையும் காஸ் வரிசையும் நீண்டுகொண்டே போன காலத்தில், ஆங்கிலத்தில் கணிதமும் விஞ்ஞானமும் படிப்பிக்க ஆட்கள் தேவை என்று தெரிந்தவர் ஒருவர் மூலம் செய்தி வந்தது. என் அம்மாவைத் தங்கச்சியின் பொறுப்பில் விட்டுவிட்டு வெளிக்கிட்டோம். கனடாவுக்கும் லண்டனுக்கும் போன என் சிநேகிதிகள் குளிரைப் பற்றியும் பாஷையைப் பற்றியும் எழுதும்போது, எனக்கு அந்தத் தொல்லை இல்லை, நான் தமிழாக்கள் இருக்கிற இடத்துக்குப் போகிறேன் என்று கொஞ்சம் பெருமையாகவே சொல்லியிருந்தேன்.

முதல் கிழமை முழுக்க அந்தப் பெருமை குறையவில்லை. பஸ்ஸின் நெற்றியில் தமிழ். பொலிஸ்காரர் தமிழில் அதட்டுகிறார். மின்சாரக் கட்டணத் தாளில் தமிழ். நான் ஊரில் குச்சவெளிப் பாடசாலையில் படிப்பித்த காலத்தில், கரையோர வீதியால் போகிற பஸ்ஸில் கடலைப் பார்த்துக்கொண்டே போய், கடலைப் பார்த்துக்கொண்டே திரும்பி வருவேன். அந்த வாழ்க்கையில் எனக்கு இருந்த ஒரே பயம், கச்சேரியிலிருந்து வரும் சிங்களக் கடிதம். அதை யாரிடமாவது காட்டி, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டு, அவர் சொன்னது சரிதானா என்று இன்னொருவரிடம் கேட்டு, நாளே போய்விடும். இதை இங்கே ஆசிரியர் அறையில் ஒருநாள் சொன்னேன். "எங்கட ஊரில கச்சேரிக்குப் போனா அண்டைக்கு முழுக்க அங்கதான்" என்றேன். பக்கத்தில் இருந்த இசை ஆசிரியை கண்கள் விரிய, "அவ்வளவு நேரமா? யார் பாடினாங்க?" என்று கேட்டார். அரசாங்க அலுவலகத்தைத்தான் நாங்கள் கச்சேரி என்கிறோம் என்று சொன்னபோது அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். அன்றைக்கு அது சிரிப்பாகத்தான் இருந்தது.

பிறகு, சிரிப்பு ஒரு வேலையாகிவிட்டது. கதிரை என்றால் சிரிப்பு, குசினி என்றால் சிரிப்பு, ஏலாது என்றால் இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டுச் சிரிப்பு. வஞ்சகம் இல்லாத சிரிப்புத்தான். "உங்க தமிழ் எவ்ளோ அழகா இருக்கு!" என்பார்கள். அழகாக இருக்கும் ஒன்றைக் கொண்டு கடையில் சாமான் வாங்க முடியவில்லை என்பதுதான் சிக்கல். வாயைத் திறக்க முன் ஒவ்வொரு சொல்லையும் எடுத்து, இது இங்கே செல்லுமா என்று பார்த்து, செல்லாததை உள்ளே வைத்துவிட்டு வேறொன்றை எடுக்க வேண்டும். பின்னேரம் வீட்டுக்கு வரும்போது கால் நோவதில்லை, நாக்குத்தான் நோகிறது. என் கணவர் இதற்கெல்லாம் அலட்டிக்கொள்ளமாட்டார். அவர் சம்பூரில் பிறந்தவர். இரண்டாயிரத்து ஆறில் சண்டை வந்து ஊரோடு எழும்பி ஓடிய நாளிலிருந்து, எந்த வீட்டின் சுவரிலும் அவர் ஓர் ஆணி அடித்ததில்லை. பாடசாலை தந்த இந்தக் குவாட்டர்ஸிலும் நாட்காட்டி மேசையில் படுத்துக் கிடக்கிறது. சுவரில் மாட்டினால் என்ன என்று கேட்டால், "பாப்பம்" என்பார்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். என் ஒன்பதாம் வகுப்பில் நிவேதா என்று ஒரு பிள்ளை. விடுதியில் தங்கிப் படிக்கிறவள். வீட்டில் தாயும் தகப்பனும் பிரிந்து, தாய் சேலத்துக்குப் போய்விட்டார். பிள்ளைக்கு அதைத் தொலைபேசியில் சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்கு மத்தியானம் அவள் சாப்பாட்டு மண்டபத்துக்குப் போகாமல் வெளிப் படியில் இருந்து அழுதுகொண்டிருந்தாள். எனக்கு அடுத்த பாடம் இல்லை. பக்கத்தில் போய் இருந்தேன். பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. அவள் சொன்னதைக் கேட்டேன், மூக்கைத் துடைக்க என் கைலேஞ்சியைக் கொடுத்தேன், அம்மாவோடு ஆறுதலாகக் கதைத்துப் பார் என்றேன். மணி அடித்ததும் வகுப்புக்குப் போனாள். பின்னேரம், வீட்டிலிருந்து வந்து போகிற பிள்ளைகளின் பஸ்ஸில் அவர்களோடு அவர்களாக ஏறிப் போய்விட்டாள். சேலம் பஸ்ஸைத் தேடிக்கொண்டு நிலையத்தில் நின்றவளைச் சீருடையைப் பார்த்து ஒரு நடத்துனர் மறித்து வைத்து, பாடசாலைக்கு அறிவித்திருக்கிறார். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவளைக் காணவில்லை என்று தேடிய நேரத்தில் பாடசாலை முழுக்க வெலவெலத்துப்போனது.

அடுத்த நாள் காலை பிரின்சிபல் மேடம் என்னைக் கூப்பிட்டார். விடுதி வார்டனும் அங்கே இருந்தார். மேடம் கெட்ட மனுசி இல்லை. அவருக்கும் இரவு தூக்கம் இல்லை என்பது கண்ணில் தெரிந்தது. "நேத்து அந்தப் பொண்ணு அழுதிருக்கா. கடைசியா நீங்கதான் அவகூட இருந்தீங்கன்னு சொல்றாங்க. நீங்க அவகிட்ட என்ன பேசினீங்க?" என்று கேட்டார்.

"நான் ஒண்டும் பேசேல்ல, மேடம்."

"ஒண்ணுமே பேசலையா?"

"கடவுளாணை, ஒரு சொல்லும் பேசேல்ல. நான் ஏன் அந்தப் பிள்ளையைப் பேசப்போறன்?"

வார்டன் மேடத்தைப் பார்த்தார். மேடம் மேசையைப் பார்த்தார். "பெல் அடிக்கிற வரைக்கும் நீங்க பேசிட்டு இருந்ததை ரெண்டு பிள்ளைங்க பார்த்திருக்காங்க, மிஸ். சமையல்காரம்மாவும் பார்த்திருக்காங்க" என்றார். எல்லோரும் சேர்ந்து நான் அந்தப் பிள்ளையை ஏசினேன் என்கிறார்கள் என்றுதான் எனக்கு விளங்கியது. பொய், நான் பேசவேயில்லை, பிள்ளையைக் கூப்பிட்டுக் கேளுங்கள் என்று அழாக்குறையாக நின்றேன். "பிள்ளைங்க விஷயத்துல மறைக்கிறவங்களை நான் எப்படி வச்சுக்க முடியும்?" என்றார் மேடம். நாளைக்கு முடிவு சொல்வதாகச் சொல்லி அனுப்பிவிட்டார். எங்கள் இருவருக்கும் விசா அந்தப் பாடசாலையின் பெயரில் இருக்கிறது. என் வேலை போனால் என் கணவரும் அங்கே நிற்கமாட்டார். திரும்பிப் போய் எங்கே தொடங்குவது என்று இருவருக்கும் தெரியாது.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவர் கட்டிலுக்குக் கீழே இருந்த சூட்கேஸை இழுத்துத் தூசி தட்டத் தொடங்கினார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "இன்னும் முடிவே சொல்லேல்ல, அதுக்குள்ள அடுக்கத் தொடங்கியாச்சு!" என்று கத்தினேன். அவர் தட்டுவதை நிறுத்தவில்லை. "அவ என்ன கேட்டவ, நீர் என்ன சொன்னனீர்? சொல்லுக்குச் சொல்லு சொல்லும் பாப்பம்" என்றார். சொன்னேன். பேசேல்ல என்ற இடத்துக்கு வந்ததும் தூசித் துணி நின்றது.

"அப்பிடியேதான் சொன்னனீரோ? பேசேல்ல எண்டு?"

"ஓம். நான் பேசேல்லத்தானே?"

"இஞ்ச பேசுறதெண்டா கதைக்கிறதடி" என்றார். கல்யாணமான காலத்திலிருந்து அவர் என்னை ‘டி’ போட்டு அழைத்தது அந்த ஒரு தரம்தான்.

ஊரில் இருக்கும் உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மேடையில் பேசலாம், கல்யாணம் பேசலாம். ஆனால் வீட்டில் ஒருவரைப் பேசினால் அது ஏச்சுத்தான். அப்பா பேசுவார் என்று பயந்துதானே நாமெல்லாம் வளர்ந்தோம். இந்த நாட்டுப் படங்களைப் பார்த்தே நரைத்தவள் நான். பேசுவது என்றால் இவர்களுக்குக் கதைப்பது என்பது எனக்குத் தெரியாததா? கடையில் தெரியும், ஆசிரியர் அறையில் தெரியும். குற்றவாளியாக நிறுத்தியபோது அதெல்லாம் மறந்து வாய் வீட்டுத் தமிழுக்குப் போய்விட்டது. சிங்களக் கடிதத்துக்குப் பயந்து திரிந்த காலத்தில், எனக்குத் தெரியாத பாஷை என்னைக் கவிழ்த்துவிடும் என்று நினைத்திருந்தேன். எனக்கு நன்றாகத் தெரிந்த பாஷையே கவிழ்க்கும் என்று நினைத்ததில்லை.

மறுநாள் இருவருமாகப் போனோம். கணவர்தான் சொன்னார். எங்கள் ஊரில் பேசுவது என்றால் திட்டுவது, கதைப்பது என்றால் பேசுவது. அவர் சொல்லச் சொல்ல, அது எவ்வளவு நொண்டிச் சாக்காகக் கேட்கிறது என்று எனக்கே தெரிந்தது. மேடம் பொறுமையாகக் கேட்டார். நம்பவில்லை. "கதைன்னா ஸ்டோரி இல்லையா, சார்?" என்றார். அவரைப் பிழை சொல்ல ஏலாது. நான் அவர் இடத்தில் இருந்தால் நானும் நம்பியிருக்கமாட்டேன். கடைசியில், பிள்ளையையே கேட்போம் என்று நிவேதாவை அழைத்தார்.

அழுது வீங்கிய முகத்தோடு வந்தாள். மிஸ் உன்னைத் திட்டினாங்களா என்று மேடம் கேட்டதற்கு இல்லையென்று தலையாட்டினாள். பேசினாங்களா என்று கேட்டதற்கு ஆமாம் என்றாள். வார்டன் உடனே நிமிர்ந்தார். நிவேதா என்னைப் பார்த்தாள், மேடத்தைப் பார்த்தாள், அவளுக்குச் சட்டென்று ஏதோ விளங்கியது. "மேம், மிஸ்ஸுக்குப் பேசறதுன்னா திட்டறது" என்றாள். "முதல் நாளே மிஸ் சொன்னாங்க, ஹோம்வர்க் செய்யாம வந்தா பேசுவன்னு. மிஸ் தமிழ் கேக்க ஜாலியா இருக்குமேன்னு மறுநாள் பாதிக் கிளாஸ் ஹோம்வர்க் செய்யாமலே வந்தோம். அப்புறம்தான் தெரிஞ்சது." மேடத்தின் வாய் கோணியது. சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. வார்டனும் சிரித்தார். என் கணவரும் சிரித்தார். வேலை தப்பியது என்று விளங்கியும் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போகும்போது மேடம் என் தோளில் கை வைத்தார். "உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன், மிஸ். இனிமே இங்கிலீஷ்லயே பேசிடுங்க. தமிழ்ல பேசணும்னா எங்க தமிழ்ல பேசுங்க. எல்லா நேரமும் ஒரு நிவேதா வந்து சொல்லமாட்டா" என்றார். அன்பாகத்தான் சொன்னார். நான், "சரிங்க மேடம்" என்றேன். அந்தச் சொல் நன்றாகவே வந்தது.

அன்றிலிருந்து கவனமாக இருக்கிறேன். நாற்காலி, சமையலறை, எலுமிச்சை, முடியாது. ஒருமாதிரிப் பழகிவிட்டது. மறந்துபோய்க் காலையில் கடையில் தேசிக்காய் என்று கேட்டது போல எப்போதாவது தவறுகிறது. பாடசாலை வளவுக்குள் தவறுவதில்லை. பிள்ளைகள் சிரிப்பதும் குறைந்துவிட்டது. நிவேதா மட்டும் ஒருநாள், "மிஸ், நீங்க இப்ப எங்களை மாதிரியே பேசறீங்க" என்றாள். அதைப் பாராட்டாகச் சொன்னாளா குறையாகச் சொன்னாளா என்று நான் கேட்கவில்லை. கேட்கும் அளவுக்கு எனக்குத் தெம்பு இருக்கவில்லை.

இன்று இடைவேளையில் அம்மா தொலைபேசி எடுத்தார். பிரஷர் குளிசையை அம்மா அடிக்கடி மறந்துவிடுகிறார் என்று போன கிழமைதான் தங்கச்சி சொல்லியிருந்தாள். நான் பாடத்துக்குப் போகிற அவசரத்தில், தாழ்வாரத்தில் நடந்துகொண்டே, "அம்மா, இப்ப கிளாஸ் இருக்கு. சாயந்திரம் உங்ககிட்ட பேசறேன்" என்றேன்.

அம்மா தொலைக்காட்சியில் நாள் முழுக்க இந்தியத் தொடர் பார்க்கிற மனுசிதான். ஆனால் மகளின் வாயிலிருந்து வந்த சொல்லை வேறெப்படி எடுப்பார்?

"ஏன் பிள்ளை என்னைப் பேசப்போறாய்?" என்றார் அம்மா, சின்னக் குரலில். "நான் குளிசை ஒழுங்காத்தான் போடுறன். வேணுமெண்டா தங்கச்சியைக் கேட்டுப்பார்."

இரண்டு பிள்ளைகள் "குட் மார்னிங், மிஸ்" என்று சொல்லிக்கொண்டு கடந்து போனார்கள். பிரின்சிபல் மேடத்தின் அறைக் கதவு திறந்திருந்தது. நான் சுவர்ப் பக்கம் திரும்பி, வாயைக் கையால் மூடிக்கொண்டு, "இல்லையம்மா, உங்களைப் பேசேல்ல. பின்னேரம் எடுத்துக் கதைக்கிறன் எண்டுதான் சொன்னனான்" என்று, இந்தத் தமிழ் ஊரில் ஒருவருக்கும் கேட்டுவிடாத குரலில், என் தாயிடம் சொன்னேன்.