கேமராவை அழித்த கணவர்

தேர்வாய் கண்டிகையில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். கேமரா உள்ள போனை உள்ளே விடமாட்டார்கள். மதியம் என்னோடு பேச முடியவில்லையே என்று என் கணவர் என் புதுப் போனை 'ரூட்' செய்து, அதாவது போன் கம்பெனி போட்ட பூட்டை உடைத்து, கேமரா செயலியையே அழித்துவிட்டார். "இப்போ தைரியமா எடுத்துக்கினு போ!"

வாசல் காவலாளி சிரித்தார். "பின்னாடி கேமரா கண்ணாடி அப்படியே கீதேம்மா!"

அடுத்த வாரம் போனின் பக்கவாட்டுப் பட்டன் அமுங்கியது எழவில்லை. சர்வீஸ் சென்டரில், "ரூட் பண்ணிட்டீங்க, வாரண்டி கெடையாது" என்றார்கள். கூட வந்திருந்த இவர் முகம் சுண்டிப்போனது. இவர்மேல் இருந்த கோபம் எனக்கு அவர்கள்மேல் திரும்பியது.

"பட்டன் அமுங்குனதுக்கும் இவரு கேமராவ அழிச்சதுக்கும் இன்னா சம்பந்தம்? அதாலதான் கெட்டுச்சுன்னு எழுதிக் குடுங்க."

எழுதித் தரவில்லை, பட்டனை இலவசமாக மாற்றித் தந்தார்கள்.

எல்லா இடத்திலும் இப்படி இறங்கி வரமாட்டார்கள். அதனால் இப்போதெல்லாம் வாரண்டி அட்டையை நான் முழுக்கப் படித்த பிறகுதான் எந்தப் பொருளிலும் அவர் கைவைக்கலாம். போனை வாசலிலேயே கொடுத்துவிடுகிறேன். மதியம் பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்து அங்கிருந்தே அவரைக் கூப்பிடுகிறேன்.

"சாப்ட்டியா?" என்பார். பாதிதான் என்று நான் சொல்வதில்லை.